யாரை வாழ்க என்றீர்?

இயற்கை பார்க்க வந்தீர்களா, நண்பரே? கழுத்தில் கேமரா தொங்குகிறது, அதனால் கேட்டேன். பார்த்தாகிவிட்டதா? மலை, மேகம், அருவி எல்லாம் அதனதன் இடத்தில் இருந்ததா? புகார் ஒன்றும் இல்லையே? இருந்தால் சொல்லுங்கள். புகார் எழுதுவதில் எனக்கு ஐம்பது வருட அனுபவம்.

இல்லை, ஜன்னலோரம் நீங்களே இருங்கள். பொள்ளாச்சி வரைக்கும் நாற்பது வளைவு. வயிற்றைக் கலக்கினால் உங்களுக்குத்தான் ஜன்னல் வேண்டியிருக்கும். நான் இந்தப் பாதையில் நின்றுகொண்டே தூங்கியவன். அதோடு எனக்கு இடது காது சரியாகக் கேட்காது. நீங்கள் ஜன்னல் பக்கம் இருந்தால்தான் நல்ல காது உங்களுக்குக் கிடைக்கும்.

'சார்' என்று நான் யாரையும் கூப்பிடுவதில்லை. திமிர் இல்லை, கொள்கை. பதினாலு வயதில் தேயிலைத் தோட்டத்துக்குள் நுழைந்து 'தொரை, தொரை' என்று சொல்லிச் சொல்லி, அந்தச் சரக்கு தீர்ந்துவிட்டது. 'தோழர்' என்றால் சில பேர் எழுந்து வேறு சீட்டுக்குப் போய்விடுகிறார்கள். அதனால் நண்பரே.

என் பெயர் சங்கிலி. மூங்கிலாறு எஸ்டேட்டில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். நல்லபடியாகச் சொல்வார்கள் என்று நான் சொல்லவில்லை. சொல்வார்கள்.

தொப்பிமுடிக்குப் போனீர்களா? உச்சியில் எப்போதும் ஒரு மேகம் தொப்பி மாதிரி உட்கார்ந்திருக்குமே, அதுதான். போனீர்கள். டிக்கெட் வாங்கித்தானே? கேட்டில் ஒருவர் கிழித்துக் கொடுத்தாரா? சந்தோஷம். அந்தக் கேட்தான் என் தலையெழுத்தையே மாற்றிவிட்டது. தலையெழுத்து என்று நான் சொல்லக்கூடாது. அதெல்லாம் நம்பாதவன். பழக்கத்தில் வந்துவிட்டது, நீங்கள் கேட்காத மாதிரி இருந்துவிடுங்கள்.

விஷயத்துக்கு வருகிறேன். என் சட்டைப்பையில் இரண்டு தாள் இருக்கிறது. ஒன்றில் எல்லாம் தட்டச்சாகியிருக்கிறது, என் கையெழுத்துக்கு மட்டும் இடம் விட்டிருக்கிறார்கள். இன்னொன்று வெறும் தாள். பொள்ளாச்சியில் எங்கள் தொழிற்சங்கத்தின் தலைமை அலுவலகம். போய்ச் சேர்வதற்குள் இரண்டில் ஒன்று முடிவாக வேண்டும். நாளைக் காலை பத்து மணிக்கு சங்கத்தின் ஐம்பதாவது ஆண்டு மாநாடு. கொடியேற்றுபவர் தோழர் சங்கிலி என்று நோட்டீஸ் அடித்து ஒட்டியாகிவிட்டது. ஆனால் நான் ஏற்றுவேனா என்பது இந்தத் தாளில் இருக்கிறது.

அந்தக் கொடிக்கு முதல் கம்பம் நட்டவன் நான். மூங்கில் கம்பம். நட்டு அரை மணி நேரத்தில் கம்பெனி ஆட்கள் வந்து பிடுங்கி, அதே கம்பத்தால் என்னை அடித்தார்கள். காது போனது அப்போதுதான். அதற்குப் பிறகு அந்தக் கொடியை ஏற்றாத ஆள் கிடையாது. மாவட்டத்திலிருந்து வருகிறவர் ஏற்றினார். மாநிலத்திலிருந்து வருகிறவர் ஏற்றினார். ஒரு வருடம் தலைவர்கள் யாருமே வரவில்லை, வாழ்த்துச் செய்தி கொண்டுவந்த டாக்ஸி டிரைவரை ஏற்றச் சொன்னார்கள். நான் கம்பத்தைப் பிடித்துக்கொண்டு நிற்பேன். கயிறு சிக்கினால் எடுத்து விடுவேன். ஐம்பது வருடம் கழித்து, நாளைக்கு என் முறை.

இதற்கு நடுவில்தான் மலை வந்தது.

தொப்பிமுடிக்கு எங்கள் ஜனங்கள் சித்திரை முதல் நாள் ஏறுவார்கள். மேலே கோவில் கிடையாது. சிலை கிடையாது. ஒரு பாறை. அதற்கு ஒரு மஞ்சள் துணி சுற்றி, தேங்காய் உடைத்துவிட்டு வருவார்கள். அவ்வளவுதான். என் மனைவி வடிவம்மாள் கல்யாணமாகி வந்த வருடத்திலிருந்து ஏறுகிறாள். நான் ஏறியதில்லை. அடிவாரத்திலேயே அறுபது வருடம் இருந்தேன், ஒரு தடவைகூட ஏறியதில்லை. ஏன் ஏற வேண்டும்? நான் ஐந்தாம் வகுப்பு. மீதிப் படிப்பெல்லாம் துண்டறிக்கைகளில் படித்தது, சின்னச் சின்ன வெளியீடுகளில் படித்தது. அவற்றில் ஒன்றில் தெளிவாகப் போட்டிருந்தது: இயற்கை என்பது மனித உழைப்புக்கான மூலப்பொருள். மூலப்பொருளை யாராவது தேங்காயோடு போய்ப் பார்ப்பார்களா?

போன வருடம் புதுக் கம்பெனி வந்தது. வந்ததும் மலையை வியூ பாயிண்ட் ஆக்கி, வழியில் கேட் போட்டு, டிக்கெட் வைத்தது. தொழிலாளிக்கும் டிக்கெட். இந்தச் சித்திரைக்குப் போகக் கூடாது, இன்ஷூரன்ஸ் பிரச்சினை என்று நோட்டீஸ் ஒட்டினார்கள். சங்கத்தில் பேச்சு வந்தது. இளவட்டங்கள், "தோழர், அது சாமி விஷயம், நமக்கு எதுக்கு?" என்றார்கள். நான் எழுந்தேன். "சாமி விஷயம் இல்லை, வழி விஷயம்," என்றேன். "சாமி இல்லை என்பது நம் கொள்கை. இல்லாத சாமியைக் கும்பிடப் போகிற தொழிலாளியை மறிக்கக் கம்பெனிக்கு அதிகாரம் இல்லை என்பதும் நம் கொள்கை." கைதட்டல். நானே தலைமை தாங்குகிறேன் என்று சொல்லிவிட்டேன்.

வீட்டில் வந்து சொன்னேன். வடிவம்மாள் முறத்தைக் கீழே வைத்தாள். "சித்திரைக்குச் சித்திரை நான் கூப்பிட்டேன்," என்றாள். "முட்டு வலின்னீங்க, மீட்டிங்குன்னீங்க, மே தின வேலைன்னீங்க. கம்பெனிக்காரன் கேட்டைப் பூட்டுறான், உங்களுக்கு முட்டு சரியாப் போச்சாக்கும்?"

"இது போராட்டம்," என்றேன்.

"ஆமா. நான் வருசா வருசம் ஏறுனது பொழுது போகாம."

விடிவதற்கு முன்னால் கிளம்பினோம். என்னைத் தவிர நாற்பத்து மூன்று பேர். கேட்டில் மோதல் இருக்கும், போலீஸ் வரும் என்று நான் வேட்டியை இறுக்கிக் கட்டிக்கொண்டு போயிருந்தேன். காவலாளி எங்கள் உறுப்பினர்தான். பூட்டைத் திறந்துவிட்டு, "சீக்கிரம் போய்ட்டு வந்துருங்கண்ணே, நான் டீ குடிக்கப் போயிருந்தேன்னு எழுதிக்கிடுதேன்," என்கிறான். என்ன சொல்வது? போராட்டத்தில் பாதி அங்கேயே போய்விட்டது.

ஏறும்போது நான் மலையைப் பார்க்கவில்லை. முன்னால் போகிறவன் பின்னால் வருகிறவர்களைப் பார்க்க வேண்டும். அதுதான் ஊர்வல ஒழுங்கு. யாராவது பின்தங்கினால் நின்றேன். எண்ணினேன். மறுபடி ஏறினேன். மேலே போனதும் என்ன முழக்கம் என்றுகூட முடிவு செய்து வைத்திருந்தேன். நான் கையை உயர்த்தி 'வழி உரிமை வாழ்க' என்பேன், கூட்டம் 'வாழ்க, வாழ்க' என்னும். பிறகு 'கேட் நிர்வாகம் ஒழிக'. பிறகு தேங்காய் உடைக்கிறவர்கள் உடைத்துக்கொள்ளலாம், எனக்கு ஆட்சேபணை இல்லை.

பார்த்து உட்காருங்கள், பெரிய வளைவு. இந்த டிரைவர் நல்ல டிரைவர், இவருடைய அப்பா எங்கள் சங்கம்.

உச்சிக்குப் போய்த் திரும்பினேன்.

நான் அலங்காரமாகச் சொல்லப் போவதில்லை. அறிக்கை மாதிரி சொல்கிறேன். மேகம் எங்களுக்குக் கீழே போயிருந்தது. கிழக்கில் வெளிச்சம் வந்துகொண்டிருந்தது. மலைக்குப் பின்னால் மலை, அதற்குப் பின்னால் இன்னொரு மலை. எந்தக் கூட்டத்தையும் ஒரு பார்வையில் நான் எண்ணிவிடுவேன், நண்பரே. போலீஸ் இருநூறு என்னும், எங்கள் ஆட்கள் இரண்டாயிரம் என்பார்கள், நான் மனதுக்குள் அறுநூற்று நாற்பது என்று வைத்திருப்பேன். அதுதான் சரியாக இருக்கும். அங்கே எண்ணிப் பார்த்தேன். ஒன்பது வரைக்கும் வந்தது. அதற்கு மேல் எது மலை, எது வானம் என்று தெரியவில்லை.

இன்னொன்று சொல்கிறேன், வெளியில் சொல்லாதீர்கள். அவ்வளவு மலைகளும் ஏதோ பொதுக்கூட்டத்துக்கு வந்து உட்கார்ந்திருக்கிற மாதிரி இருந்தது. சத்தமில்லை, அசைவில்லை. மேடையில் நான் நிற்கிறேன். எனக்குக் கூட்டத்தைக் கண்டால் வாய் நிற்காது. ஆனால் அவை என் பேச்சைக் கேட்க வந்தவை இல்லை என்பது பார்த்ததும் தெரிந்துவிட்டது.

கீழே பார்த்தேன். எஸ்டேட் தெரிந்தது. உள்ளங்கையை நீட்டினேன், மறைந்துவிட்டது. ஃபேக்டரி, தொரை பங்களா, எங்கள் லைன் வீடுகள், எல்லாமே கைக்குள். தொரை பங்களா அவ்வளவுதான் பெரிசு என்று தெரிந்ததில் எனக்கு மகிழ்ச்சி, மறைக்க மாட்டேன். எங்கள் சங்கக் கிளை ஆபீசும் அதே கைக்குள்தான் இருந்தது என்பது கொஞ்ச நேரம் கழித்துத்தான் உறைத்தது.

பின்னால் நாற்பத்து மூன்று பேர் காத்திருக்கிறார்கள். கையை உயர்த்தினேன். வாயைத் திறந்தேன்.

"வாழ்க!"

அவ்வளவுதான் வந்தது. முழக்கத்துக்கு ஒரு முறை உண்டு, நண்பரே. முதலில் பெயர், அப்புறம் வாழ்க. பெயரில்லாமல் வாழ்க என்பது முகவரி எழுதாமல் கடிதம் போடுவது. நான் ஐம்பது வருடத்தில் அப்படி ஒரு பிழை செய்ததில்லை. ஜுரத்தோடு முழக்கம் போட்டிருக்கிறேன், ரத்தம் ஒழுகப் போட்டிருக்கிறேன், பெயர் விட்டுப்போனதில்லை.

கூட்டம் என்ன செய்யும்? பழக்கம். "வாழ்க! வாழ்க!" என்றது. எதிர் மலை "வாழ்க" என்றது. அதற்குப் பின்னால் இருந்தது கொஞ்சம் யோசித்துவிட்டு "வாழ்க" என்றது. அதற்கும் பின்னால் எங்கேயோ. எந்த ஊர்க் கூட்டமும் எனக்கு அவ்வளவு தூரம் பதில் சொன்னதில்லை.

சரி, அடுத்தது 'ஒழிக'. அது எனக்கு இன்னும் சுலபம். ஒழிய வேண்டியவர்கள் பட்டியல் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். நின்றேன், நின்றேன், ஒருத்தர் பெயரும் ஞாபகம் வரவில்லை. கேட் போட்ட கம்பெனி பெயரே வரவில்லை.

கைகளைப் பற்றி நிறையப் பேசுகிறார்கள். அதையும் சொல்லிவிடுகிறேன். உயர்த்திய முஷ்டி திறந்தது உண்மை. குளிர், விரல் மரத்துவிட்டது. இன்னொரு கை வந்து அதோடு சேர்ந்தது. தேய்த்துச் சூடாக்கத்தான். ஒரு நிமிடம் நாற்பது விநாடி சேர்ந்தே இருந்தது என்று வீடியோவில் காட்டுகிறார்கள். அவ்வளவு குளிர். கண்ணில் தண்ணீர், காற்று. எல்லாவற்றுக்கும் காரணம் இருக்கிறது. சிரிக்காதீர்கள்.

வடிவம்மாள் பக்கத்தில்தான் நின்றாள். தேங்காயைக் கையில் வைத்துக்கொண்டு என்னையே பார்த்தாள். இறங்கும்போதுதான், "முட்டு எப்படி இருக்கு?" என்றாள்.

ஆமாம், வீடியோ. எங்கள் ஆள் ஒருவர்தான் எடுத்தார், போராட்டப் பதிவுக்காக. அது எங்கெங்கோ போய், யாரோ அதில் கோவில் மணியோசையைச் சேர்த்து, 'நாத்திகரை உருக வைத்த தொப்பிமுடி ஆண்டவர்' என்று தலைப்பும் போட்டு எல்லார் செல்போனுக்கும் அனுப்பிவிட்டார். அப்படி ஓர் ஆண்டவர் இருக்கிறார் என்று எங்கள் எஸ்டேட்டுக்கே அன்றைக்குத்தான் தெரியும். நாலாம் நாள் டவுனிலிருந்து ஒரு பக்தர் குழு சால்வையோடு வீட்டுக்கு வந்துவிட்டது. நான் சால்வையைத் திருப்பிக் கொடுத்தேன். வடிவம்மாள் அவர்களுக்குத் தேநீர் கொடுத்தாள். "மலை ஏறினா கால் வலிக்கும், உக்காருங்க," என்று முறுக்கும் கொடுத்தாள்.

அவளிடமே கேட்டேன். "வருசா வருசம் தேங்காய் உடைக்கிறாயே, அங்கே இருக்கிறவர் பேர் என்ன?"

"பேரா?" என்றாள். "யாரு கண்டா? நாங்க முடின்னுதான் சொல்லுவோம்."

ஐம்பது வருடம் பெயர் தெரியாமலே கும்பிட்டிருக்கிறாள். அவளிடம் யாரும் விளக்கம் கேட்கவில்லை. என்னிடம் கேட்டார்கள்.

ஜீவரத்தினம் காரில் வந்தான். எங்கள் பொதுச்செயலாளர். முப்பத்தெட்டு வயது, சட்டையில் மடிப்புக் கலையாது, நான்தான் சங்கத்தில் சேர்த்தேன். கெட்டவன் இல்லை. அதுதான் கஷ்டம். கெட்டவனாக இருந்தால் எனக்கு வேலை சுலபம்.

"அண்ணே, சும்மா ஒரு ஃபார்மாலிட்டி," என்றான். "செயற்குழுவுல கேள்வி வந்துருச்சு. யாரை வாழ்கன்னீங்கன்னு கேக்கறாங்க. விதி பதினாலு இருக்குல்ல."

"இருக்கு. நான் எழுதினதுதான்."

"அதான்ணே எங்களுக்குச் சங்கடமா இருக்கு."

பையிலிருந்து இந்தத் தாளை எடுத்தான். படிக்கிறேன் பாருங்கள். 'வயது முதிர்வு காரணமாகவும் மூச்சுத் திணறல் காரணமாகவும் ஏற்பட்ட மயக்கத்தில் என்னையறியாமல் உச்சரித்த சொல்லுக்கு வருந்துகிறேன்.' "ஒரு கையெழுத்துண்ணே. நாளன்னிக்குக் கொடி உங்களுதுதான்," என்றான். நேற்று நடந்தது இது.

ஒரே வாக்கியத்தில் எத்தனை பொய்! எனக்கு மூச்சுத் திணறவில்லை. மயக்கம் இல்லை. வருத்தமும் இல்லை. முதிர்வு... அதை விடுங்கள். எழுபத்தெட்டாம் வருடம் கம்பெனி இதே மாதிரி ஒரு தாள் தட்டச்சு செய்துகொண்டு வந்தது. போட்டால் வேலை, போடாவிட்டால் இல்லை. பதினொரு மாதம் வீட்டில் இருந்தேன், போடவில்லை. வடிவம்மாள் கொழுந்து பறித்து எனக்குச் சோறு போட்டாள். அன்றைக்குக் கம்பெனிக்காரன் கொண்டுவந்தான். இன்றைக்கு என் சங்கமே கொண்டுவருகிறது, மரியாதையாக, அண்ணே அண்ணே என்று.

விதி பதினாலு என்ன என்கிறீர்களா? 'சங்கப் பொறுப்பில் இருப்பவர் எந்த உருவத்தையும், பொருளையும், இயற்கைத் தோற்றத்தையும் வணங்குவதோ வாழ்த்துவதோ கூடாது.' என் வரைவைப் பாருங்கள், எங்கேயாவது ஓட்டை இருக்கிறதா? வக்கீலுக்குக் காட்டினேன், அவரே அசந்துபோனார். 'இயற்கைத் தோற்றம்' என்பதை ஒரு குறிப்பிட்ட காரணத்துக்காகச் சேர்த்தேன். இருளப்பன் என்று ஒருத்தன் இருந்தான்.

அது வேறு, இது வேறு. இரண்டுக்கும் சம்பந்தமில்லை. இருந்தாலும் கேட்டுவிட்டீர்கள், சொல்கிறேன். கேட்கவில்லையா? சரி, சொல்கிறேன்.

இருளப்பன் எங்கள் கிளைச் செயலாளர். நல்ல உழைப்பாளி. ஒரே ஒரு கெட்ட பழக்கம். காலையில் மஸ்டரில் பெயர் கூப்பிடுவதற்கு முன்னால் எல்லாரும் வரிசையாக நிற்போமே, அப்போது இவன் தொப்பிமுடியைப் பார்த்துத் திரும்பி, தலைத்துண்டை அவிழ்த்துக் கையில் வைத்துக்கொண்டு ஒரு நிமிடம் நிற்பான். தினமும். "என்னவே கும்பிடுதீரு?" என்று கேட்டேன். "கும்பிடல அண்ணாச்சி, பாக்கேன்," என்றான். "பார்க்கிறதுக்குத் துண்டு எதுக்கு அவிழ்க்கணும்?" என்றேன். துண்டைத் திரும்பக் கட்டிக்கொண்டான். ஒரு பொறுப்பாளர் காலங்கார்த்தாலே மலைக்குத் துண்டை அவிழ்த்து நின்றால் உறுப்பினர்கள் என்ன நினைப்பார்கள்? விசாரணை வைத்தேன். பொதுக்குழுவில் நிறுத்தினேன். 'இனிமேல் வேலை நேரத்துக்கு முன்போ பின்போ மேற்படி மலையைப் பார்க்க மாட்டேன்' என்று எழுதி வாங்கினேன். ஃபைலில் இன்னும் இருக்கிறது.

கையெழுத்துப் போட்டவன் மீறவில்லை. அதைச் சொல்ல வேண்டும். ஓய்வு பெறுகிற வரைக்கும், இருபது வருடம், மஸ்டரில் மலைக்கு முதுகைக் காட்டித்தான் நின்றான். எனக்கு அப்போது எவ்வளவு பெருமை தெரியுமா? வெளியூர்த் தோழர்களை அழைத்துவந்து காட்டுவேன். 'பாருங்கள், கட்டுப்பாடு என்றால் இதுதான்' என்று.

அப்படிப் பார்க்காதீர்கள். அது வேறு, இது வேறு என்று சொன்னேன் அல்லவா? அவன் தினமும் செய்தான், நான் ஒரு தடவை. அவன் அமைதியாகத் திட்டமிட்டுச் செய்தான், எனக்குத் தானாக வந்தது. அவன்... சரி, விடுங்கள்.

அதோ, ஆழியாறு அணை தெரிகிறது. படம் எடுக்க வேண்டுமானால் அடுத்த வளைவில் எடுங்கள், இதில் மரம் மறைக்கும். ரொம்ப நன்றாக இருக்கிறதா? இருக்கும், இருக்கும். மூலப்பொருள்.

நேற்று ஜீவரத்தினம் போன பிறகு இருளப்பனுக்கு போன் செய்தேன். திருப்பூரில் மகள் வீட்டில் இருக்கிறான். எதற்குச் செய்தேன்? சும்மாதான். மாநாட்டுக்கு அழைக்க.

எடுத்ததுமே, "அண்ணாச்சி, வீடியோ பாத்தேன்," என்றான்.

"மணியோசை நான் போட்டதில்லை," என்றேன்.

"தெரியும், தெரியும். மணி இல்லாட்டியும் நல்லாத்தான் இருந்துது."

"இருளப்பா, அந்தக் கடிதத்துல உமக்கு என்மேல வருத்தம் உண்டா?"

என் காதுதான் கேட்கவில்லையோ என்று போனை மாற்றி வைத்துப் பார்த்தேன். "இருந்துச்சு," என்றான். "முதுகுதான் ரொம்ப வருத்தப்பட்டுச்சு. ஓய்வு வாங்கினதுக்கு அப்புறம் ரெண்டு வருசம் அங்கேதான இருந்தேன். தினம் காலைல வாசல்ல உக்காந்து விட்டதெல்லாம் சேத்துப் பாத்துட்டேன்."

மாநாடு பத்து மணிக்கு என்றேன். என்ன சொல்வது?

"ஆனா ஒண்ணு அண்ணாச்சி," என்றான். "நான் சத்தமில்லாமப் பாத்தேன். நீங்க எதுக்கும் கூட்டம் சேத்து, மைக்கு வச்சாத்தான் பாப்பீய போல."

கிண்டல். எழுபது வயதில் கிண்டல் பேசுகிறான். விசாரணையில் நிறுத்தியபோது வாயே திறக்காதவன். நான் விடவில்லை. "நீர் தினமும் பாத்தீரே," என்றேன், "யாரைப் பாத்தீர்? குழுவில் கேக்கிறாங்க. எனக்கு ஒரு பெயர் வேணும். அதுக்குப் பேர் என்ன?"

"பேரு கேட்டு என்ன செய்யப் போறீய?" என்றான். "உறுப்பினரா சேக்கவா?"

வடிவம்மாளுக்கு அடுப்படி வரைக்கும் கேட்டிருக்கிறது. அவள் சிரித்த சிரிப்பில் பால் பொங்கிவிட்டது. நான் போனை வைத்துவிட்டேன்.

இன்று காலை கிளம்பும்போது அவள் சிரிக்கவில்லை. சட்டைப்பையில் தாளை வைத்துக் கொடுத்தாள். "கொடி ஏத்தணும்னு உங்களுக்கு எம்புட்டு ஆசைன்னு எனக்குத் தெரியும்," என்றாள். "ஆனா மயக்கம்னு மட்டும் எழுதிக் குடுக்காதீங்க. நான் பக்கத்துல நின்னேன். இந்த மனுசன் ஒரு தடவ தெளிவா இருந்து நான் பாத்தது அன்னிக்குத்தான்."

படிக்காதவள், நண்பரே. ஒரு துண்டறிக்கை படித்ததில்லை.

வளைவெல்லாம் முடிந்துவிட்டது. இனிமேல் நேர்ப்பாதைதான். கொஞ்சம் இந்த முனையைப் பிடித்துக்கொள்ளுங்கள், காற்றில் பறக்கிறது. இது வெறும் தாள் என்று சொன்னேன் அல்லவா? வெறும் தாள் இல்லை. ஏறுவதற்கு முன்னால் பஸ் ஸ்டாண்டில் உட்கார்ந்து எழுதிவிட்டேன். உங்களிடம் ஏன் மறைத்தேன் என்றால், இதையெல்லாம் ஒருத்தரிடம் சொல்லிப் பார்த்தால் மனம் மாறுமோ என்று ஒரு சந்தேகம். மாறவில்லை. படிக்கிறேன்.

'பொதுச்செயலாளர் அவர்களுக்கு. சித்திரை முதல் நாள் தொப்பிமுடி உச்சியில் நான் வாழ்க என்று முழங்கியது உண்மை. எனக்கு மயக்கம் இல்லை. வாய் தவறவும் இல்லை. யாரை வாழ்க என்றீர் என்று கேட்டிருக்கிறீர்கள். எனக்குப் பெயர் தெரியவில்லை. விசாரித்தேன், தெரிந்தவர்கள் யாரும் இல்லை. விதி பதினான்கை எழுதியபோது நான் மலை ஏறியிருக்கவில்லை என்பதைக் குழுவின் கவனத்துக்குக் கொண்டுவருகிறேன். அந்த விதியின்படி தோழர் இருளப்பனிடம் நான் எழுதி வாங்கிய கடிதம் தவறானது. அதை ஃபைலிலிருந்து எடுத்து அவருக்கே அனுப்பிவைக்க வேண்டும். என்மீது விதிப்படி நடவடிக்கை எடுக்கலாம்.'

மொழி எப்படி? கடைசி வரி மிடுக்காக இருக்கிறதா? அதை நாலு தடவை அடித்து எழுதினேன்.

கொடியா? கொடுக்க மாட்டார்கள். இந்தக் கடிதத்தை வாங்கிக்கொண்டு கொடுத்தால் அது சங்கமே இல்லை. குழுவில் நான் இருந்தாலும் கொடுக்க மாட்டேன். ஜீவரத்தினம் ஏற்றுவான். நான் கம்பத்தைப் பிடித்துக்கொள்வேன். கம்பம் பிடிக்க விதியில் தடையில்லை, அந்த மட்டில் என் வரைவில் ஓர் ஓட்டை இருக்கிறது. கயிறு கட்டாயம் சிக்கும். அவனுக்கு எடுத்துவிடத் தெரியாது.

வருத்தம் இல்லை என்று சொல்ல மாட்டேன். பொய் சொல்லக் கூடாது என்றுதானே இவ்வளவும். ஐம்பது வருடம், நண்பரே.

இன்னும் கையெழுத்துப் போடவில்லை. ஓடுகிற பஸ்ஸில் போட்டால் கோணலாகப் போகும். நடுங்கிய எழுத்தைப் பார்த்தால், 'சங்கிலி பயந்துபோய் எழுதியிருக்கிறான்' என்பார்கள். ஜீவரத்தினம் சொல்ல மாட்டான். மற்றவர்கள் சொல்வார்கள். முன்னால் ரயில்வே கேட் வருகிறது, சாத்தியிருந்தால் நல்லது. சாத்தியிருக்கிறதா, பாருங்கள். உங்கள் பக்கம்தான் தெரியும்.

சாத்தியிருக்கிறது. நின்றுவிட்டது.

கொஞ்சம் அசையாமல் இருங்கள்.